ஊராட்சிக் கட்டடங்களின் பராமரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராம சபையிலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஊராட்சி அலுவலகம், அங்கன்வாடி, தொடக்கப்பள்ளி, சத்துணவுக்கூடம், சமுதாயக்கூடம், மேல்நிலைத் தொட்டி ஆகியவற்றைப் பற்றியே பேச்சு. கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை. அதனால் முடிந்தால் மேலிருந்து படியுங்கள்.

எங்க ஊர்ல இருக்கிற கவர்மெண்டு கட்டடம் எல்லாமே பஞ்சாயத்துக்குத்தானே சொந்தம்?

இல்லை. கிராம நிர்வாக அலுவலர் அலுவலகம் வருவாய்த் துறையைச் சேர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையம் சுகாதாரத் துறையினுடையது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, பெயரிலேயே உள்ளபடி, ஒன்றியத்தின் கட்டடம். பாடம் நடத்துவது மட்டும் கல்வித் துறை. அங்கன்வாடியை நடத்துவது குழந்தைகள் வளர்ச்சித் திட்டம். கட்டடமோ பெரும்பாலும் ஊராட்சி அல்லது ஒன்றியத்தின் கணக்கில் இருக்கும். ரேஷன் கடையை நடத்துவது கூட்டுறவுச் சங்கம், கட்டடம் ஊராட்சியுடையதாகவும் இருக்கலாம், வாடகைக்கு எடுத்ததாகவும் இருக்கலாம்.

நடத்துபவர் ஒருவர், கட்டடத்துக்குச் சொந்தக்காரர் இன்னொருவர் என்ற இந்தப் பிரிவில்தான் பாதிக் கட்டடங்கள் பாழாகின்றன. அங்கன்வாடிப் பணியாளர் தன் துறைக்கு எழுதுவார். துறை "கட்டடம் ஊராட்சியுடையது" என்று திருப்பி அனுப்பும். ஊராட்சிக்கு அந்தக் கடிதத்தின் நகல்கூட வந்திருக்காது. எனவே ஒழுகல், விரிசல் எதுவானாலும் கடிதத்தை இரண்டு இடத்துக்கும் கொடுத்து, இரண்டிலும் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள்.

எது யாருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் சுவரில் பதித்த கல்வெட்டைப் பாருங்கள். எந்தத் திட்டம், எந்த ஆண்டு, எவ்வளவு மதிப்பு என்று இருக்கும். கல்வெட்டு சொல்வது யார் பணம் கொடுத்தார்கள் என்பதை மட்டும்தான், உரிமையை அல்ல. உரிமை ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் இருக்கிறது. ஊராட்சிச் செயலரிடம் கேட்டால் காட்ட வேண்டும். அங்கே இல்லையென்றால் ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள்.

காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். "எங்கள் ஊரில் உள்ள கட்டடங்களின் விவரம்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "சொத்துப் பதிவேட்டில் இன்ன கட்டடம் உள்ள பக்கத்தின் நகல்" என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பதிவேட்டிலேயே இல்லாத கட்டடங்களும் உண்டு. அப்படி இருந்தால் அதைச் சேர்க்கத் தீர்மானம் கொண்டுவருவதுதான் முதல் பராமரிப்பு வேலை. பதிவேட்டில் இல்லாத கட்டடத்துக்குச் செலவு எழுதினால் தணிக்கையில் கேள்வி வரும். அந்தப் பயத்திலேயே யாரும் கை வைக்க மாட்டார்கள்.

மழை பெய்தா அங்கன்வாடி ஒழுகுது. மேல ஏறிப் பார்த்தா ஓட்டையே தெரியலையே?

தெரியாது. தண்ணீர் இறங்கும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். தட்டோட்டுக்கு (தளத்தின் மேல் பதித்த தட்டையான ஓட்டுக்கு) அடியில் புகுந்த நீர் கான்கிரீட்டின் மேல் 5, 6 அடி ஓடி, கிடைத்த நுண்துளையில் கீழே இறங்கும். அதனால் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே சிமெண்ட் பாலை ஊற்றுவதால் பயனில்லை.

நான்கு இடங்களை இந்த வரிசையில் பாருங்கள். முதலில் மழைநீர் இறங்கும் குழாயின் வாய்: இலை, பந்து, பிளாஸ்டிக் பை அடைத்திருக்கும். ஒழுகல் புகார்களில் நிறைய இதோடு முடிந்துவிடும். இரண்டாவது, தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை. அங்கே முக்கோணமாகச் சாய்த்துப் பூசிய பூச்சு விட்டுப்போயிருக்கும். மூன்றாவது, தட்டோடுகளுக்கு இடையிலான இணைப்பு. நான்காவது, யாராவது தளத்தில் அடித்த ஆணி, கொடிக்கம்பத்துக்குப் போட்ட துளை, கேபிள்காரர் இறக்கிய பைப். பிறகு மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்து மேலே ஏறி, எங்கே இன்னும் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வாட்டம் கெட்ட இடம் அதுதான். 10 அடிக்கு 2 அங்குலமாவது இறக்கம் இருக்க வேண்டும்.

குழாய் போதுமானதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஐப்பசி அடைமழைக்கு ஏறக்குறைய 500 சதுர அடித் தளத்துக்கு ஒரு 4 அங்குலக் குழாய் வேண்டும். 2 அங்குலக் குழாய் வைத்த கட்டடங்கள் ஏராளம். அது ஒரு பூவரசு இலைக்கே அடைத்துக்கொள்ளும்.

மேல ஒரு வாட்டர்புரூஃப் கோட்டிங் அடிச்சா போதும்னு மேஸ்திரி சொல்றார். சரிதானே?

வாட்டம் சரியாக இருந்து, தட்டோடு கெட்டியாக ஒட்டியிருந்தால் சரி. இணைப்புகளைச் சுரண்டி, நீர்க்காப்புக் கலவை சேர்த்த சிமெண்டால் நிரப்பி, தளம் நன்றாகக் காய்ந்தபின் இரண்டு பூச்சு அடிக்கலாம். ஒன்றுக்கொன்று குறுக்காக அடிக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் ஓர் அடி உயரத்துக்கு ஏற்றி அடிக்க வேண்டும். இதை விட்டுவிட்டுத் தளத்துக்கு மட்டும் அடித்தால் மூலை மறுபடி ஒழுகும்.

தட்டிப் பார்க்கும்போது ஓடு 'பொதபொத' என்று சத்தம் கொடுத்தால் கோட்டிங் வீண் செலவு. உள்ளே இருக்கும் ஈரத்தை மூடி வைத்ததாகிவிடும். அது மேலே வர வழியில்லாமல் கான்கிரீட்டுக்குள்தான் இறங்கும். அந்த நிலையில் பழைய தளவரிசையைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கான்கிரீட் போட்டு, வாட்டம் பிடித்து, தட்டோடு பதிப்பதே நிலையான வழி. பழையதைக் கொத்தாமல் அதன்மேலேயே இன்னொரு அடுக்கு போடுவது மட்டும் கூடாது. தளம் கணக்கிடாத பாரத்தைச் சுமக்கும். அப்படி மூன்று அடுக்கு ஏறிய பள்ளிக்கூடத் தளங்களும் உண்டு.

சீலிங் காரை பெயர்ந்து விழுது, கம்பி வெளியில தெரியுது. பூசி விட்டுட்டா ஆச்சுல்ல?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். காரை விழுவது பூச்சுக் கோளாறு அல்ல. உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதுகிறது. துரு, அது உருவான இரும்பைவிட இரண்டு மடங்குக்குமேல் இடம் பிடிக்கும். அந்த நெருக்கலில் அடியில் உள்ள கான்கிரீட் தகடு தகடாகக் கழன்று விழுகிறது. துருவுக்குக் காரணம் மேலிருந்து இறங்கும் ஈரம், அல்லது கட்டும்போது கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) வைக்காமல் விட்டது. தளக் கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும். பல கட்டடங்களில் கம்பி பலகையின் மேலேயே படுத்திருக்கும். நாகை, இராமநாதபுரம் போன்ற கடலோரங்களில் காற்றிலுள்ள உப்பும் சேர்ந்துகொள்ளும்.

எனவே முதலில் மேலே ஒழுகலை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கீழே என்ன செய்தாலும் இரண்டு மழைக்குத்தான். பிறகு சீலிங் முழுவதையும் சுத்தியலால் தட்டி, வெற்றுச் சத்தம் வரும் இடமெல்லாம் கொத்தி எடுக்க வேண்டும். தெரிகிற இடத்தை மட்டும் கொத்தினால் போதாது. துருப்பிடித்த கம்பியின் பின்புறமும் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, கம்பிப் பிரஷ்ஷால் வெள்ளி போலத் தெரியும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். கம்பி கால் பங்குக்குமேல் மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். கம்பி விட்டத்தைப்போல் 50 மடங்கு நீளம் பழையதோடு ஒட்டிப் போக வேண்டும். 8 மில்லிமீட்டர் கம்பிக்கு அது 40 சென்டிமீட்டர். அதன்பின் ஒட்டுப் பூச்சு அடித்து, அது காய்வதற்குள் 1:3 சிமெண்ட் மணலில் பாலிமர் பால் கலந்து, ஒரு தடவைக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் கனத்தில் அழுத்தி ஏற்ற வேண்டும். ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும். சீலிங்கில் தண்ணீர் நிற்காது என்பதால் காலை மாலை ஸ்பிரே அடிப்பதைத் தவிர வழியில்லை.

தளத்தில் நாலில் ஒரு பங்குக்குமேல் வெற்றுச் சத்தம் கேட்டால், அல்லது பீமிலோ பில்லரிலோ கம்பி வெளியே தெரிந்தால், இது கொத்தனார் வேலை அல்ல. அறையைக் காலி செய்துவிட்டு ஒன்றியப் பொறியாளரை அழையுங்கள். பீமைக் கொத்துவதற்கு முன் தளத்துக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். முட்டுக்கொடுக்காமல் கொத்தப்போய்த் தளமே இறங்கிவிடும்.

சுவர் விரிசல்ல எதுக்குப் பயப்படணும், எதை விட்டுடலாம்?

சிலந்திவலை போலப் பூச்சில் பரவும் மயிரிழைகளை விட்டுவிடலாம். பூச்சு சீக்கிரம் காய்ந்ததால் வந்தவை அவை. தளத்துக்குச் சற்றுக் கீழே சுவர் நெடுக ஓடும் கிடைமட்டக் கோடும் பெரும்பாலும் வெயிலில் தளம் நீண்டு சுருங்குவதால் வருவது. பார்க்க அசிங்கம், ஆபத்துக் குறைவு. மேல் தளத்துக்கு வெள்ளை வெப்பத்தடுப்புப் பூச்சு அடித்தாலே பாதி அடங்கும்.

ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போலச் சாய்வாக ஏறி, மேலே போகப் போக அகலும் விரிசல் அஸ்திவாரம் இறங்குவதைக் காட்டும். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் இது கோடையில் விரிந்து மழையில் மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டதும் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். கட்டடத்தைச் சுற்றி 3 அடி அகலத்துக்கு வெளிப்புறம் சாயும் சிமெண்ட் மேடை போட்டு, கூரைத் தண்ணீரைக் குழாயில் தூரமாகக் கொண்டுபோய் விட்டாலே மண்ணின் ஏற்ற இறக்கம் குறையும்.

பில்லர் மூலையில் நேர் கோடாகச் செங்குத்தாக ஓடும் விரிசல் மேலே சொன்ன துருவின் முதல் அறிகுறி. எல்லாவற்றையும்விட மோசமானது சன்ஷேடு, போர்டிகோ சுவரில் சேரும் இடத்தில் மேல்பக்கம் விழும் விரிசல். தொங்கும் தளத்துக்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது மிதிபட்டுக் கீழே போயிருந்தால் ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் விழும். அதன் மேல் பழைய பெஞ்சு, மண், பூந்தொட்டி எதையும் ஏற்றாதீர்கள்.

விரிசல் வளருதா இல்லையான்னு இன்ஜினீயர் வராமலே தெரிஞ்சுக்க முடியுமா?

முடியும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு அருகில் தேதி எழுதுங்கள். நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைக் குறுக்காக வைத்து இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். அகலத்துக்கு ஏ.டி.எம். கார்டு நல்ல அளவுகோல். அதன் கனம் முக்கால் மில்லிமீட்டர். கார்டு நுழையாவிட்டால் கவனித்தால் போதும். தாராளமாக நுழைந்தால் எழுதிக் கொடுங்கள். சுண்டுவிரல் நுனி போனால் அன்றே அறையைப் பூட்டுங்கள்.

மாதம் ஒருமுறை அதே இடத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து வைப்பது பிற்பாடு மதிப்பீடு போடும்போது கைகொடுக்கும். வெள்ளையடித்து மறைத்துவிட்ட விரிசலைப் பற்றி எந்தப் பொறியாளராலும் எதுவும் சொல்ல முடியாது.

கைப்பிடிச் சுவர்ல அரசமரம் முளைச்சிருக்கு. வெட்ட வெட்ட வருது.

வேர் உள்ளே இருக்கும்வரை வரும். சிலர் உப்பைக் கொட்டுகிறார்கள். மரம் சாகிறதோ இல்லையோ, உப்பு நீர் இறங்கித் தளக் கம்பியைத் தின்றுவிடும். தயவுசெய்து வேண்டாம். விரல் கனத்துக்குள் இருக்கும்போதே அந்த இடத்தில் நாலைந்து செங்கல்லை எடுத்துவிட்டு, வேரை முழுவதுமாக உருவி, 1:4 கலவையில் திரும்பக் கட்டிப் பூசுங்கள். அரைநாள் வேலை. கை கனத்துக்கு வளர்ந்துவிட்டால் அந்தச் சுவர்ப் பகுதியையே இறக்கிக் கட்ட வேண்டியிருக்கும். இழுத்துப் பிடுங்கினால் சுவரும் சேர்ந்து வரும்.

பழைய யூனியன் ஆபீஸ் சுண்ணாம்புக் கட்டடம். பூச்சு உதிருது, சிமெண்ட் பூசிடலாமா?

1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி ஒன்றியங்கள் 1960களின் தொடக்கத்தில் வந்தபோது, ஏற்கெனவே இருந்த ஜில்லா போர்டு காலத்துக் கட்டடங்களில் சில அலுவலகமாயின. தேக்குக் கட்டைமேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம் இருந்தால் அது அந்த வகை. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே மூச்சாக விடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, சில வருடத்தில் பூச்சு செங்கல்லின் தோலோடு சேர்ந்து கழன்று விழும். எமல்ஷன் பெயின்ட்டும் பட்டியும் அதே வேலையைச் செய்யும்.

சுண்ணாம்பும் சலித்த மணலும் கலந்தே பூச வேண்டும். புளிக்கவைத்த சுண்ணாம்புக்குக் கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் சேர்ப்பது வழக்கம். இந்த வேலை தெரிந்த கொத்தனார் குறைவு. ஆள் கிடைக்கும்வரை உதிரும் இடத்தைச் சுத்தம் செய்து அப்படியே விட்டுவைப்பது சிமெண்டைவிட நல்லது. டெரஸ் தளத்தில் முதலில் பார்க்க வேண்டியது கட்டை சுவருக்குள் நுழையும் நுனி. கரையானும் மக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் இறங்கக் கூடாது.

வருஷத்துக்கு ஒருதடவை என்னென்ன செய்யணும்? ஒரு கணக்குச் சொல்லுங்க.

எல்லாம் ஆவணி, புரட்டாசிக்குள் முடிய வேண்டும். ஆடிக் காற்றில் விழுந்த இலைச் சருகெல்லாம் தளத்தில் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். நடுவில் உள்ள செப்டம்பர்தான் வேலை மாதம். இரண்டு ஆள், ஒரு ஏணி, துடைப்பம், ஒரு நாள்: தளத்தைப் பெருக்கி, குழாய் வாயில் வலை போட்டு, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கீழே வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூலைப் பூச்சு விட்ட இடத்தை அடைக்க வேண்டும். முளைத்த செடிகளைப் பிடுங்க வேண்டும். மழைநீர் சேகரிப்புக் குழியில் மேல் அடுக்கு மணலை மாற்ற வேண்டும்.

ஏப்ரல், மே கோடை விடுமுறை பூச்சு, பெயின்ட், தளவரிசை வேலைகளுக்கு. பள்ளி காலியாக இருக்கும், சுவரும் காய்ந்திருக்கும். ஆனால் நிதி மார்ச்சில் முடிவதால் வேலை உத்தரவு பெரும்பாலும் பிப்ரவரியில் வந்து, பிள்ளைகள் தேர்வெழுதும்போது சுவர் கொத்துவார்கள். ஜனவரி 26 கிராம சபையிலேயே பட்டியல் கொடுத்தால் இதைக் கொஞ்சம் தவிர்க்கலாம்.

மேல்நிலைத் தொட்டி கட்டடக் கணக்குல வருமா?

வரும். உங்கள் ஊரிலேயே அதிக பாரம் சுமக்கும் கட்டுமானம் அதுதான். 30,000 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டும் 30 டன். அதன் தூண்களில் காரை பெயர்ந்திருந்தால் சீலிங்கைப் பற்றிச் சொன்னது அத்தனையும் இரட்டிப்பாகப் பொருந்தும். தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் பழுது பார்க்க வேண்டும். தொட்டியின் அடிப்பக்கத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு வழிந்திருந்தால் உள்ளே கசிகிறது என்று பொருள்.

மாதம் 5, 20 தேதிகளில் கழுவி, கழுவிய தேதியைத் தூணில் எழுதும் நடைமுறை இருக்கிறது. எழுதிய தேதியைப் படித்துப் பாருங்கள். பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம், ஆக 30,000 லிட்டருக்கு 120 கிராம். வாளியில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். மண்டியோடு கொட்டினால் குழாய் வால்வு அடைக்கும். பவுடர் மூட்டையை அலுவலக அறையில் வைக்காதீர்கள். அதன் வாடை பீரோ, கீல், மின்பலகை எல்லாவற்றையும் துருவேற்றும்.

சுவரைத் தொட்டா லேசா ஷாக் அடிக்குது. இதுவும் ஒழுகலாலயா?

பெரும்பாலும் ஆமாம். தளத்தில் புதைத்த பைப்பில் தண்ணீர் இறங்கி, ஃபேன் பெட்டியில் தேங்கியிருக்கும். முதலில் மெயினை அணைத்து, பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வயரிங்கின் காப்பை மெகர் கருவியால் சோதிக்க வேண்டும். மீட்டர்வரை மின்வாரியத்தின் பொறுப்பு, அதற்குப் பிறகு கட்டடத்துக்குச் சொந்தக்காரருடையது.

மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் பொருத்தாத அங்கன்வாடியில் அதைப் பொருத்துவதுதான் குறைந்த செலவில் உயிர் காக்கும் வேலை. மாதம் ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் கரண்ட் போக வேண்டும். போகாவிட்டால் அது வெறும் பெட்டி. மழையில் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேராக வயர் கொடுத்துவிடுவார்கள். விழுவதே அதன் வேலை. எர்த் குழி காய்ந்துபோனாலும் பாதுகாப்பு கெடும். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

இதுக்கெல்லாம் காசு எங்கிருந்து வரும்? பஞ்சாயத்துல பணமே இல்லைங்கிறாங்க.

சமுதாயச் சொத்துகளைப் பராமரிப்பது அரசமைப்பின் 11ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு என்று பட்டியலிட்ட 29 துறைகளில் கடைசித் துறை. பட்டியலில் மட்டுமல்ல, செலவு வரிசையிலும் கடைசியாகவே நிற்கிறது. மாநில நிதிக்குழு மானியத்தில் முதலில் சம்பளம், மின்கட்டணம், குடிநீர் போய்விடும். மத்திய நிதிக்குழு மானியத்தில், 2021-26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு 60 சதவீதத்தைக் குடிநீர், துப்புரவுக்கு என்று கட்டிப்போட்டது. மீதி 40 சதவீதத்தைக் கட்டுப்பாடற்ற பங்காக விட்டது. கட்டடப் பழுது அந்தப் பங்கில்தான் வர முடியும். அதை முழுவதும் சாலைக்குப் போடுவதா என்பது ஊர் முடிவு செய்வது. பள்ளிக் கழிவறைப் பழுதுக்குக் குடிநீர், துப்புரவுப் பங்கிலேயே இடமுண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இவை தவிர வீட்டுவரி, தொழில்வரி, கடை வாடகை ஆகிய சொந்த வருமானம் உண்டு. 'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டின் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். வெளியூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் பள்ளிக்கு ஏதாவது செய்ய ஆசைப்பட்டால் அவர்களுக்கு இந்த வழியைச் சொல்லுங்கள். நேரடியாகச் சுவரில் பணத்தைப் பூசுவதைவிட இதில் தொகை பெருகும், கணக்கும் இருக்கும்.

எம்.எல்.ஏ. நிதியில கட்டின சமுதாயக்கூடம். ரிப்பேருக்கும் அவர்கிட்டதானே போகணும்?

கட்டி முடித்து ஊராட்சியிடம் ஒப்படைத்த நாளிலிருந்து பராமரிப்பு ஊராட்சியின் தலையில். எம்.பி. நிதியும் அப்படியே. ஆகவே புதுக்கட்டடம் வருகிறது என்றால் கைதட்டுவதற்கு முன் ஒப்படைப்புக் கடிதத்தில் வரைபடம், மின்இணைப்பு எண், சாவி, ஒப்பந்த நகல் நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். சமுதாயக்கூடத்துக்கு நாள்வாடகை நிர்ணயித்து ரசீது போட்டால், அந்தக் கூடத்தின் பெயின்ட் செலவாவது அதிலேயே வந்துவிடும்.

பணம் ஒதுக்கியும் வேலை ஏன் மாசக்கணக்கா இழுக்குது?

ஓவர்சியர் (ஒன்றியத்தின் பணி மேற்பார்வையாளர்) வந்து அளந்து மதிப்பீடு போட வேண்டும். பொறியாளர் தொழில்நுட்ப அனுமதி தர வேண்டும். பிறகு நிர்வாக அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு. வேலை முடிந்தபின் அளவைப் புத்தகத்தில் பதிந்து, மேலதிகாரி சரிபார்த்து, அதன்பின்தான் பில். ஒரு ஒன்றியத்தில் பல ஊராட்சிகளுக்கு ஒரே ஓவர்சியர் என்பதால் முதல் படியிலேயே நெரிசல்.

ஊரார் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. அறை நீள அகலம், ஒழுகும் இடம், பெயர்ந்த பரப்பு, விரிசல் படங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தீர்மானத்தோடு இணைத்துக் கொடுங்கள். "பள்ளிக் கட்டடம் பழுது பார்க்க வேண்டும்" என்ற ஒருவரித் தீர்மானத்தை வைத்து யாராலும் மதிப்பீடு போட முடியாது. கடைசியில் கைக்கு வந்த தொகைக்குப் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள்.

வேலை நடக்கும்போது நாங்க நின்னு எதைப் பார்க்கணும்?

மதிப்பீட்டின் நகலை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சீலிங் பூச்சு 1:3, சுவர்ப் பூச்சு 1:5 என்று இருந்தால், ஒரு மூட்டை சிமெண்டுக்கு மூன்று பெட்டி, ஐந்து பெட்டி மணல். ஒரு பெட்டியின் கொள்ளளவு ஒரு மூட்டைக்குச் சமமாக, அதாவது சுமார் 35 லிட்டர் இருக்க வேண்டும். பாண்டு (கலவை சுமக்கும் சட்டி) கணக்கில் போட்டால் அளவு கொத்தனார் கையில். பாறையை அரைத்த மணல் என்றால் பூச்சுக்கு பி-சாண்ட், கான்கிரீட்டுக்கு எம்-சாண்ட். பழைய பூச்சைக் கொத்தியபின் சுவரை நனைத்தார்களா, பூசியபின் ஏழு நாள் தண்ணீர் விட்டார்களா என்பதுதான் மூட்டைக் கணக்கைவிட முக்கியம். ஈரச் சுவரில் பட்டியும் பெயின்ட்டும் அடித்தால் மூன்றே மாதத்தில் கொப்புளம் கிளம்பும்.

வாசலில் சாய்வுத்தளம் போட்டால் 1:12 இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். நாலடியில் முடித்துவிட்டால் சக்கர நாற்காலி ஏறாது, சறுக்குமரமாகத்தான் பயன்படும்.

புதுக் கட்டடம். ஒரு வருஷத்துலயே ஒழுகுது. யார் பொறுப்பு?

ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று குறிப்பிட்டிருப்பார்கள். அதுவரை ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகையைத் திருப்பித் தரக் கூடாது. அந்தக் காலத்துக்குள் எழுத்தில் புகார் போயிருந்தால் அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும், இல்லையேல் வைப்புத்தொகையிலிருந்து செய்யலாம். வாயால் சொன்னதெல்லாம் கணக்கில் சேராது. முதல் மழைக்கே மேலே ஏறிப் பார்த்து, ஒழுகினால் அந்த வாரமே கடிதம் கொடுங்கள். ஒப்பந்த நகலை ஏன் ஒப்படைப்பின்போதே வாங்கச் சொன்னோம் என்பது இப்போது புரியும்.

பள்ளிக்கூடத்தை இடிக்கணும்னு எழுதிக் கொடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் என்ன செய்யறது?

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து, பழுதானவற்றை இடித்தார்கள். விழுந்தது வகுப்பறை அல்ல, கழிவறைச் சுவர். ஆய்வுக்கு வருபவர்கள் வகுப்பறையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சுற்றுச்சுவர், கழிவறை, சைக்கிள் நிறுத்தம், பழைய சத்துணவுக்கூடம் ஆகியவற்றையும் காட்டுவது உங்கள் வேலை.

இடிக்க, பொறியாளரின் 'பயன்பாட்டுக்கு உகந்ததல்ல' என்ற அறிக்கை, உரிமையுள்ள அமைப்பின் தீர்மானம், மேல்மட்ட அனுமதி, கதவு, ஜன்னல், கம்பி ஆகியவற்றுக்கு மதிப்பு நிர்ணயித்து ஏலம், சொத்துப் பதிவேட்டில் நீக்கம் என்று பல படிகள். தலைவர் வாய்ச்சொல்லுக்கு பொக்லைனைக் கொண்டுவந்து இடித்தால் பிறகு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கோப்பு எந்தப் படியில் நிற்கிறது என்று கேளுங்கள். "நடவடிக்கையில் உள்ளது" என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள்.

காத்திருக்கும் நாளில் மின்இணைப்பைத் துண்டித்து, கதவைப் பூட்டி, சுவர் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் முள்கம்பி வேலி போடுங்கள். 10 அடிச் சுவருக்கு 15 அடி. கயிறு கட்டி 'அபாயம்' பலகை மாட்டினால் பிள்ளைகள் கயிற்றில் ஊஞ்சல் ஆடுவார்கள். வகுப்பைச் சமுதாயக்கூடத்துக்கோ சேவை மையத்துக்கோ மாற்றலாம். அவசரத்துக்குக் கீற்றுக் கொட்டகை மட்டும் போடாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் இறந்தபின் பள்ளிகளில் கீற்றுக்கூரை கூடாது என்றாகிவிட்டது.

தலைவர் பதவிக்காலமே முடிஞ்சுபோச்சு. யார்கிட்ட மனு கொடுக்கிறது?

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத காலத்தில் மனு தனி அலுவலருக்கு, நகல் வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அலுவலகத்துக்கு. ஊராட்சிச் செயலர் எப்போதும் போல இருப்பார். பதிவேடுகளும் அவரிடம்தான். தொலைபேசிப் புகாருக்கு ஊராட்சி மணி 155340, முதல்வர் உதவி மைய எண் 1100. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் போனை வைக்காதீர்கள்.

சேவை மையம் கட்டி நாலு வருஷமா பூட்டியே கிடக்கு. யாரும் புழங்காததால நல்லாத்தானே இருக்கும்?

பூட்டிய கட்டடம்தான் சீக்கிரம் கெடும். ஒழுகல் தொடங்கியது யாருக்கும் தெரியாது. காற்றோட்டம் இல்லாமல் ஈரம் உலராது, மரக்கதவில் கரையான் ஏறும், வவ்வால் குடிவரும், கழிவறைக் கோப்பையில் தண்ணீர் வற்றி செப்டிக் டேங்க் வாடையும் பூச்சியும் உள்ளே வரும். டேங்கைத் திறக்க நேர்ந்தால் ஆளை இறக்காதீர்கள். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, விஷவாயு நிமிடத்தில் கொல்லும். லாரி வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும்.

மகளிர் குழுக் கூட்டம், மாலைநேரப் படிப்பு, தடுப்பூசி முகாம் என்று வாரம் ஒருமுறையாவது திறக்க வழி செய்யுங்கள். அதுவும் முடியாவிட்டால் மாதம் ஒருநாள் ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்து, கழிவறையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, தளத்தைப் பெருக்கிவிட்டுப் பூட்டுங்கள். சாவி யாரிடம் என்பதைக் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள். மழை பிடித்த இரவில் முதலில் தேட வேண்டியது அந்தச் சாவியைத்தான்.